எடுத்த தண்டவாளம்



உலகத்திலேயே மிக நீளமான இருப்புப்பாதையை உடைய தேசம் எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று சொல்லிவிடுவார்கள். சுமார் 2,20,000 கிலோமீட்டர் தூரத்துக்கு அங்கே இன்றும் தண்டவாளம் இருக்கிறது. ஆயினும் அத்தேசத்தின் நான்காவது பெரிய நகரமாகிய ஹூஸ்டனில் பிரயாணி ஒருவர் வெளியூருக்கு ரயிலேற விரும்பினால், கிழக்கே போவதற்கும் மேற்கே போவதற்கும் வாரத்தில் மும்மூன்று வண்டிகள்தாம் உண்டு. சரக்கு ஏற்றுவதில் அந்நாட்டு ரயில்களின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சரக்குப் பெட்டகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டடுக்கு ஏற்றிக்கொண்டு அவை மைல் கணக்கில் நீண்டு போகின்றன. மனிதர்களை ஏற்றும் காரியத்தைத்தான் பெரும்பாலான பிரதேசங்களில் காரும் விமானமும் வாங்கிக்கொண்டுவிட்டன.

மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஸ்விட்சர்லாந்திலோ மொத்தமே ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் 1982ஆம் ஆண்டு முதல், எந்த ஊருக்கும் மணிக்கொரு வண்டி, அதுவும் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிஷத்தில், என்ற நியமத்தை அவர்கள் விடாமல் அனுஷ்டித்து வருகிறார்கள். சந்திப்பு நிலையங்களில் நாலா திசை வண்டிகளும் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்து, பிரயாணிகள் மாறி ஏற அவகாசம் தந்து புறப்படுகின்றன. ஆகவே இருப்புப்பாதையின் ஆரோக்கியத்தை அதன் நீளத்தைக்கொண்டு அளக்கலாகாது. அதன்மேல் வண்டி எத்தனை தடவை ஓடுகிறது என்பதைக்கொண்டே அளக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஓடாத பாதைக்கு என்ன கதி நேரும் என்பதற்கு, ரயிலையே உலகத்துக்கு ஈந்த பிரிட்டனில் ஒரு சரித்திரம் உண்டு. நஷ்டத்தில் தத்தளித்த பிரிட்டிஷ் ரயில்வேயைச் சீர்திருத்துவதற்காக, ரசாயனத் தொழிலிலிருந்து அழைத்து வரப்பட்ட ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் 1963இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள பாதைகள் மொத்தப் பிரயாணத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் சுமக்கின்றன என்றும், ஆதலால் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களையும் மூடிவிடலாம் என்றும் அது கூறியது. கணக்கு பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டது. கோடை வந்தால் மட்டும் கூட்டம் நெரியும் கடற்கரை ஊர்களுக்கு அந்த ஒரு வாரம் எப்படிச் சாட்சியாகும்? அன்றியும், கிளைப்பாதையை அடைத்தால் அவ்வூரார் காரில் வந்து பெரிய நிலையத்தில் ரயிலேறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்; காரில் ஏறியவரோ போக வேண்டிய ஊர்வரைக்கும் காரிலேயே போய்விட்டார். வாய்க்கால்களைத் தூர்த்துவிட்டால் ஏரிக்கு நீர் ஏது?

ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து எல்லைப்புறத்து மலையூர்களினூடே இங்கிலாந்தின் கார்லைல் நகருக்குச் செல்லும் 158 கிலோமீட்டர் பாதைக்கு, வால்டர் ஸ்காட்டின் நாவல் வரிசையைக் கொண்டு வேவர்லி என்று பெயர் வழங்கியது. அதுவும் மூடப்பட்டது. 1969 ஜனவரி 5ஆம் தேதி இரவு கடைசி வண்டி வந்தபோது, நியூகாசில்டன் என்னும் சிற்றூரில் ஜனங்கள் லெவல் கிராசிங் கேட்டை ரயிலுக்குக் குறுக்கே சாத்திவிட்டுக் குளிரில் தண்டவாளத்தின்மேல் நின்றார்கள். அவர்களோடு நின்ற ஊர்ப் பாதிரியாரைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே வண்டியில் பிரயாணம் செய்த பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து சமாதானம் பேசி, பாதிரியாரை விடுவித்தால் வழி விடுவது என்று தீர்மானமான பிறகே, சுமார் இரண்டு மணி நேரத் தாமதத்துடன் வண்டி நகர்ந்தது. அதன் பின் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

அதில் ஒரு பகுதியையேனும் மீட்பதற்கு 46 ஆண்டுகள் பிடித்தன. எடின்பரோவைச் சுற்றிப் போடப்பட்ட நெடுஞ்சாலை அதற்குள் பழைய பாதையைக் குறுக்கே வெட்டியிருந்தது; பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 30 கோடி பவுன் செலவில், பெரும்பாலும் ஒற்றைத் தடமாக, ட்வீட்பாங்க் என்ற இடம் வரைக்கும் 2015 செப்டம்பரில் வண்டி விட்டபோது, முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணங்கள் நிகழ்ந்தன. ஜனங்கள் ரயிலை வெறுத்ததனால் ரயில் போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நம்மவர்க்கு நெருங்கிய ஒரு பாதையையும் இங்கே நினைக்கிறேன். இலங்கையில் யாழ்தேவி என்னும் ரயில் ஓடிய வடக்குப் பாதை 1990இல் யுத்தத்தால் நின்றுபோயிற்று. அதன் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. அப்படி அடையாளமே அழிந்துபோன பாதை 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும், மறு ஜனவரியில் காங்கேசன்துறையையும் மறுபடி எட்டிவிட்டது. யுத்தம் பிடுங்கியது கடைசி நிலையம்வரை திரும்பி வந்திருக்க, குண்டு ஒன்றும் விழாத வேவர்லி பாதையில் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பியிருப்பதை எண்ணும்போது மனம் சமாதானமடைய மறுக்கிறது. ட்வீட்பாங்க்குக்கு அப்பால் ஹாயிக் நகரத்து மக்கள் இன்னமும் ரயிலுக்காக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்றிரவு கேட்டைச் சாத்திய நியூகாசில்டனுக்கு வண்டி இன்னும் வரவில்லை.