வார்டு எல்லைக்குள் ஒளிந்திருக்கும் சாதிக் கணக்கு

(பொதட்டூர்பேட்டையில் நடந்த கலந்துரையாடல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லை என்றால் என்னவென்று இந்தப் பகுதி மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி வட்டாரமும் அங்கே போனது. போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த எல்லைக்காக மக்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் வார்டு எல்லை மாறும்போது பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் ஓர் ஆட்சேபனை மனு கொடுக்கக்கூட நம்மில் ஆள் இருப்பதில்லை. குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் சாக்கடையும் சுடுகாட்டுப் பாதையும் யார் கையில் இருக்கும் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது எல்லைதான்.

சுலபமான ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு பேரூராட்சியில் 15 வார்டுகள், வார்டுக்கு 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு காலனியில் 900 பேர் இருக்கிறார்கள். காலனி முழுவதும் ஒரே வார்டில் இருந்தால் அங்கே நம் மக்கள் 90 சதவீதம். அதையே மூன்றாக வெட்டி, மூன்று ஊர்த் தெருக்களோடு ஒட்டவைத்தால், மூன்று வார்டிலும் 30 சதவீதம்தான். அதே மக்கள், அதே வீடுகள், அதே வாக்குகள். ஒரு வாக்கைக்கூட யாரும் பறிக்கவில்லை. ஆனால் எந்த வார்டிலும் நம்மால் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

"இடஒதுக்கீடு இருக்கிறதே தோழர்" என்று கேட்கலாம். இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 243டி பிரிவு, மக்கள் தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் 30 சதவீதம் நாம் இருக்கும் வார்டைத் தனி வார்டாக அறிவித்தால் நடப்பது என்ன? வேட்பாளர் நம்மவர். வெற்றியை முடிவு செய்வது மீதி 70 சதவீதம். நம் தெருவுக்காகச் சண்டை போடுகிறவர் தோற்பார். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஜெயிப்பார்.

இது புதிய சிக்கல் அல்ல. 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் தொடக்கத்தில் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தது. அதன் மீது பேசிய அம்பேத்கர், வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தால்கூடப் போதாது, ஏனென்றால் ஒவ்வொரு கிராமத்திலும் தாழ்த்தப்பட்டோர் சிறுபான்மையாகவே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிட்டார்.

நாடாளுமன்றத் தொகுதியிலோ சட்டமன்றத் தொகுதியிலோ ஒரு சேரி மக்கள் பெரும்பான்மை ஆக முடியாது. அது நடக்கக்கூடிய ஒரே இடம் வார்டுதான். காரணம், சாதி நம்மை ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறது. குடியிருக்கும்போது தள்ளி வைப்பார்கள். ஓட்டு என்று வரும்போது மட்டும் பிரித்துக் கலப்பார்கள். இதைச் சமத்துவம் என்று யாராவது சொன்னால், அந்த மூன்று தெருக்களில் ஒன்றிலாவது நமக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. சேரியை ஒரே வார்டாக வை என்று நாமே கேட்பது தனிமைப்படுத்தலை ஏற்பதாகாதா? சேரி ஒழிய வேண்டும் என்பதுதான் நம் இலக்கு. ஆனால் ஒழியும்வரை அங்கே வாழும் மக்களுக்கு மன்றத்தில் குரல் வேண்டாமா?

இந்த வித்தை உலகத்துக்குப் பொதுவானது. 1957இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், டஸ்கிகீ என்ற ஊரின் எல்லையை மாற்றியது. சதுரமாக இருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட கோணல் வடிவமானது. ஏறக்குறைய 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. சார்லஸ் கோமில்லியன் என்ற சமூகவியல் பேராசிரியர் வழக்குத் தொடுத்தார். திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்த அதே 1960இல், நவம்பரில், அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இது வாக்குரிமைப் பறிப்பு என்று தீர்ப்பளித்தது.

இங்கே நீதிமன்ற வாசல் குறுகலானது. வார்டு மறுவரையறைச் சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று ஊராட்சிகளுக்கு 243ஓ பிரிவும் நகர அமைப்புகளுக்கு 243இசட்ஜி பிரிவும் சொல்கின்றன. 2024இல் உச்ச நீதிமன்றம், மறுவரையறை ஆணை அப்பட்டமாகத் தன்னிச்சையாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று சற்றுக் கதவைத் திறந்தது. ஆனாலும் தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பயன் இருக்காது. 1995இல் உத்தரப் பிரதேச ஊராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது, அறிவிப்புக்கு முன்பு மக்களிடம் ஆட்சேபனை கேட்டார்களா என்பதைத்தான். எனவே நம் ஆயுதம் ஆட்சேபனை மனுதான்.

தமிழ்நாட்டில் அதற்குக் கிடைத்த காலம் எவ்வளவு? 2017இல் மறுவரையறை ஆணையச் சட்டம் வந்தது. டிசம்பர் கடைசியில் வரைவு வெளியானது. கருத்துச் சொல்ல முதலில் கொடுத்தது சில நாட்கள்தான். தறி ஓட்டுகிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் அதற்குள் வரைபடம் பார்த்து, தெருப் பெயர் சரிபார்த்து, மனு எழுத முடியுமா? அன்று வரைந்த கோடுகளுக்கு அடிப்படை 2011 கணக்கெடுப்பு. அதை வைத்துத்தான் 2022 பிப்ரவரி 19 அன்று பேரூராட்சிகளுக்கு வாக்களித்தோம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று அறிவித்துவிட்டார்கள். புதிய எண்கள் வந்தால் புதிய கோடுகளும் வரும்.

அதற்குள் நாம் செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, வீடு வீடாகப் போய் நம் தெருக்களின் கணக்கை நாமே எடுப்பது. இரண்டு, இப்போதைய வார்டுகளின் தெருப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி வைப்பது. மூன்று, வரைவு வந்த அன்றே இரண்டையும் ஒப்பிட்டு, எந்தத் தெரு எங்கே வெட்டுப்படுகிறது என்று வரைபடத்தோடு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குவது. நான்கு, வெட்டுப்படும் மற்ற உழைக்கும் மக்களின் தெருக்களையும் மனுவில் சேர்ப்பது.

மேலவளவில் தனி ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை பத்து ஆண்டுகள் தனி ஊராட்சித் தலைவர் யாரையும் பதவியில் நிலைக்கவிடவில்லை. அது அரிவாளும் மிரட்டலும் செய்த வேலை. அதே வேலையை ஒரு பேனா சத்தமில்லாமல் செய்துவிட முடியும். அரிவாளுக்கு எதிராக நின்றவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு மனு எழுதச் சோம்பக் கூடாது.