பாம்பு பிடிப்பியா?

தோழர்களே, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் குடில் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, பெரியவர்கள் முன்னால் அங்கேயே கல்யாணம் முடிப்பது இருளர் வழக்கம். ஐயர் தேவையில்லை. இப்போது இந்த இடையஞ்சாவடி, மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகள் மண்டபம் கேட்கிறார்கள். கேட்கட்டுமே! ஆய்வாளர்கள்தான் வருத்தப்படுகிறோம். நானும் வருத்தப்பட்டவள்தான்.

போன மாதம் 12ஆம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணோடு பழங்குடிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகம் போனேன். "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடித்தால் வழக்கு. பிடிக்கத் தெரியாது என்றால் இருளரே இல்லையாம்!

"எங்கம்மாவே புடிச்சதில்ல சார். நான் செங்கல் சூளையில பொறந்தவ" என்றாள்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கு 9 நாள்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி போகிறோம். கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.