பூட்டிய பள்ளியும் புதிய பள்ளியும்



பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது பள்ளிக்கூடத்தில் எதைப் பார்ப்பீர்கள்? கட்டடத்தைப் பார்ப்பீர்கள், தேர்ச்சிக் கணக்கைப் பார்ப்பீர்கள், கட்டணத்தைக் கேட்டுவிட்டு, வந்த வழியைப் பார்ப்பீர்கள்! அமெரிக்க நாட்டின் ஒரு சிற்றூருக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறேன். அங்கே பார்க்க வேண்டியது வேறு. தனியார் பள்ளியிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் நிறம் என்ன? அதே ஊரின் பொதுப் பள்ளியிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் நிறம் என்ன? இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வர்ஜீனியா மாநிலம், பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், ஃபார்ம்வில் என்னும் ஊர். கருப்பின மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்கென்று கட்டிய கட்டடத்திலே ஏறத்தாழ 450 பேர்! இடம் போதவில்லை என்று கேட்டார்கள். கொடுத்தார்கள், தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளை. கோழிக்கூடு என்று ஊரார் அவற்றுக்குப் பெயரிட்டனர்.

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 23. நாடகம் எழுதுபவன் நான். ஆயினும் இந்தக் காட்சியை நான் எழுதியிருந்தால் 'மிகைப்படுத்திவிட்டான்' என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். பொய்ச் செய்தி ஒன்று தலைமையாசிரியரை வெளியே அழைத்துச் செல்கிறது. மாணவர்கள் மண்டபத்திலே கூடுகின்றனர். திரை விலகுகிறது. தலைமையாசிரியரை எதிர்நோக்கியிருந்தோர் முன்னே நிற்பவள் பார்பரா ஜான்ஸ், 16 வயதுச் சிறுமி! நல்ல பள்ளி கிடைக்கும்வரை வகுப்புக்குச் செல்லோம் என்றாள். பள்ளி முழுவதும் அவள் பின்னே புறப்பட்டது.

அந்த மாணவர்கள் தொடுத்த வழக்கும் சேர்ந்துதான், 1954 மே 17இல், நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றார்கள்! அத்துடன் திரை விழுந்திருந்தால் இன்று நான் பேச வந்திருக்கமாட்டேன்.

இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலை 1959இல் வந்தது. மாவட்ட ஆட்சிக் குழுவினர் என்ன செய்தனர்? பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்க மறுத்து, பொதுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டினர். வெள்ளையர் பள்ளியும் பூட்டு! கருப்பர் பள்ளியும் பூட்டு! மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தினார்கள் என்பீர்கள். கொளுத்தியவர்கள் அவ்வளவு ஏமாளிகள் அல்லர் தோழர்களே! அவர்களுக்குக் குடிபுக வேறு வீடு தயாராயிருந்தது. பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி அந்த ஆண்டே திறக்கப்பட்டது. வெள்ளைப் பிள்ளைகள் அங்கே சென்றனர். கருப்புப் பிள்ளைகள் வீதிக்கு வந்தனர்.

'தனியார் பள்ளிதானே! அவர்கள் பணம், அவர்கள் பிள்ளை!' என்று யாரேனும் வாதிடக்கூடும். பணம் யாருடையது? முதல் ஆண்டு நன்கொடையால் நடந்தது. 1960இல் மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது: தனியார் பள்ளியிலே படிக்கும் குழந்தைக்கு 125 அல்லது 150 டாலர் உதவித்தொகை. மாவட்டம் தன் பங்குக்கு 100 டாலர் தந்தது. பள்ளிக்கு நன்கொடை தந்தவருக்குச் சொத்துவரியிலே சலுகை! எந்த நிறத்துக் குழந்தைக்கும் தொகை உண்டு என்று சட்டம் சொல்லிற்று, எவ்வளவு பெருந்தன்மை! ஆனால் அந்தத் தொகையை எடுத்துச் செல்ல ஊரிலே இருந்த பள்ளி வெள்ளையருக்கு மட்டும். வரி செலுத்தியவர்களோ இரு நிறத்தாரும்!

கருப்பர்களுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்றனர். வேண்டாம் என்று மறுத்தார்கள் பெற்றோர். பிள்ளையின் படிப்பு பாழாகும் வேளையிலே, நீட்டிய பள்ளியை வேண்டாம் என்று சொல்ல எத்தனை உறுதி வேண்டும்! ஏற்றுக்கொண்டிருந்தால், நிறத்துக்கொரு பள்ளி என்பதற்கு அவர்களே கையொப்பமிட்டதாகாதா?

அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஐந்தாண்டுகள். மாதா கோயிலின் கீழறைகளிலே சில பிள்ளைகள் எழுத்துக் கற்றனர். சிலரை வெளிமாநிலங்களில் அயலார் வீடுகளுக்கு அனுப்பினர் பெற்றோர். பலர் வயலுக்குச் சென்றனர். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். ஆனால் என் காலால் நடந்து வெளியே வந்தவன். முதல் வகுப்பின் கதவே திறக்காத குழந்தையோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள எனக்கு நாணமாக இருக்கிறது.

1964 மே மாதம், பள்ளிகளைத் திறந்தே தீரவேண்டும் என்றது உச்சநீதிமன்றம். திறந்தார்கள். கருப்புப் பிள்ளைகள் வந்தனர்; வெள்ளைப் பிள்ளைகளிலே மிகச் சிலரே வந்தனர்.

இந்த வித்தையை மற்ற தென்மாநிலங்களும் கற்றுக்கொண்டன. மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்திலே 1969இல் இணைப்புக்கு இறுதி ஆணை பிறந்ததும், இரண்டே ஆண்டுகளில் பொதுப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளே இல்லாமற் போயினர். அத்தகைய பள்ளிகளுக்கு வரிவிலக்கு இல்லை என்று 1970இல் நடுவண் வரித்துறை அறிவித்தது. நிறத்தைக் காட்டித் தனியார் பள்ளியும் மாணவரைத் தள்ளலாகாது என்று 1976இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது.

தனியார் பள்ளி யாவும் நிறவெறியின் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. செயின்ட் லூயிஸ் நகரிலே, உச்சநீதிமன்றம் வாய் திறப்பதற்கு ஏழாண்டு முன்பே, 1947இல், கத்தோலிக்கப் பள்ளிகளிலே இரு நிறத்தாரும் சேர்ந்து படிக்க ஆணையிட்டார் பேராயர் ரிட்டர். அந்த நேர்மையை மறைப்பது நமக்கு அழகல்ல. ஆயினும் 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: அமெரிக்கத் தனியார் பள்ளிகளிலே வெள்ளையர் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, பொதுப் பள்ளிகளிலே பாதிக்கும் குறைவு. 'உனக்கு இடமில்லை' என்று சொல்லும் பலகையை இறக்கிவிட்டார்கள். கட்டணப் பலகை அப்படியே தொங்குகிறது. ஏழைக் கருப்பனுக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்லுகின்றன!

ஃபார்ம்வில் அகாடமி? வரிவிலக்கை இழந்தது. 1986இல் கருப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. 1993இல் பெருநன்கொடை தந்த செல்வர் ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஊரார் பூட்டிய பள்ளியின் வாயிலிலே நின்ற அந்தப் பிள்ளைகள்? 2003இல் அவர்களை அழைத்து, மதிப்புறு பள்ளிச் சான்றிதழ் வழங்கினார்கள். வாங்க வந்தவர்களிலே பேரக் குழந்தைகளின் கையைப் பிடித்து வரும் வயதினர் இருந்தனர்.