கருவியின் வாயில் எவர் மொழி?

 

தொகுத்தல் மாந்தனின் பழைய வேட்கை. சிப்பி, மயிலிறகு, புளியங்கொட்டை, அஞ்சல்தலை என எதையேனும் சேர்த்து வைக்காத குழந்தை எந்நாட்டிலும் இல்லை. சப்பானில், தோக்கியோவின் புறத்தே மச்சிதாவில் வளர்ந்த சத்தோசி தசிரி என்பார், சிறுவராயிருக்கையில் பூச்சி பிடித்துத் தொகுத்தவர். குட்டைகளும் வயல்களும் கட்டடங்களுக்கு இரையாயின, பூச்சிகளும் போயின. அவ்வின்பத்தைப் பின்வரும் சிறார்க்கு வேறு வழியில் தர எண்ணி அவர் ஆக்கியதே போக்கிமான் என்னும் மின்விளையாட்டு. 1996-இல் அது 151 புனைவுயிரிகளோடு வெளிவந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2016 சூலையில், அவ்விளையாட்டு கைப்பேசிச் செயலியாகித் தெருவுக்கு வந்தது. ஆக்கியது அமெரிக்க நியாண்டிக்கு நிறுவனம். நடப்பவன் கண் கைப்பேசியிலேயே பதிந்திருந்தால் குழியில் விழுவான், வண்டியில் மோதுவான். இதற்கென ஒரு துணைக்கருவி அவ்வாண்டு செப்தம்பரில் விற்பனைக்கு வந்தது. அதனைச் சட்டையில் செருகலாம், மணிக்கட்டிலும் கட்டலாம். திரை இல்லை, எழுத்து இல்லை. ஓர் அழுத்துகுமிழ், ஒரு விளக்கு, ஓர் அதிர்வு, ஒரு சிறு மின்கலம், அவ்வளவே. அருகில் உயிரி இருந்தால் பச்சை ஒளிரும். இதுவரை தொகுப்பில் சேராத இனமாயின் மஞ்சள். குமிழை அழுத்தினால் கருவி ஒருமுறை பந்தெறியும். பிடிபட்டால் பலநிற ஒளி, தப்பினால் சிவப்பு. மேற்கொண்டு அறிய விரும்பினால் செயலியைத் திறந்து பார்க்கலாம். சொல்லே இன்றிப் பேசும் இவ்வமைப்பு திறமானது என்பதை ஒப்பத்தான் வேண்டும்.

செயலியை அவர்கள் ஆய்ந்து பாராமலும் விடவில்லை. 2016 மார்ச்சு முதல் சூன் முடிய, சப்பானிலும் ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும், அழைக்கப்பட்ட சிலரிடம் கொடுத்துக் களத்தில் ஆய்ந்தனர். ஆயினும் வெளியீட்டின்போது வழங்கிகள் திணறின. வந்து மொய்த்த கூட்டம் இலக்கைப் போல் ஐம்பது மடங்கு என்று கூகுள் பின்னர் எழுதியது. கூட்டத்தைத் தவறாகக் கணித்தது பொறுக்கத்தக்க பிழை. பொறுக்கவொண்ணாதது வேறொன்று. போலந்தின் அவுசுவிட்சு நினைவகத்திலும், வாசிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகத்திலும் பலர் உயிரி பிடிக்கத் திரிந்தனர். இங்கே ஆடாதீர் என்று அந்நினைவகங்களே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. இடத்துக்கு உரியவரைக் கேளாமல் இடத்தைப் பயன்கொண்டதன் விளைவு அது.

இடத்தைப் போன்றே பெயரும் ஒன்று. தொகுப்பவனுக்குப் பெயரே பாதிப் பொருள். பெயரிடாத சிப்பி வெறும் ஓடு. இந்நுட்பத்தைப் போக்கிமானை ஆக்கியோர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். வாலில் தீ எரியும் பல்லிக்குச் சப்பானியப் பெயர் இத்தோகாகே: தீ என்பதும் பல்லி என்பதும் இணைந்த சொல். 1999-இல் ஐரோப்பாவுக்குச் சென்றபோது பிரெஞ்சுக் குழந்தைக்கு அது சலமேசு ஆயிற்று. விளக்குத்திரியைக் குறிக்கும் சொல் அதனுள் உண்டு. செருமானியக் குழந்தைக்குக் குலுமாண்டா. அதனுள் தணல் உண்டு. அங்கெல்லாம் பெயரை மொழியறிந்தோர் புதிதாய் வனைந்தனர்.

ஆங்காங்கில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. அங்குள்ளோர் மொழி கந்தோனியம். பிக்காச்சு என்னும் மஞ்சள் எலியை அவர்கள் நெடுங்காலம் பெய்க்காச்சியூ என்றே அழைத்தனர். 2016-இல் நிந்தெண்டோ நிறுவனம் சீனர் அனைவர்க்கும் ஒரே பெயர் என முடிவு செய்தது. தேர்ந்த எழுத்துகள் பெய்சிங்கின் மாந்தரின் ஒலிப்புக்குப் பொருந்தின. கந்தோனியத்தில் படித்தாலோ கடைசி அசை கெட்டுப் பெய்க்காயாவ் என்றாகும். 6,000-க்கும் மேற்பட்டோர் மறுப்பு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். மே 30 அன்று ஒரு கூட்டத்தினர் சப்பானியத் துணைத்தூதரகம் வரை நடந்து சென்றனர். ஓர் எலியின் பெயருக்கா இத்துணை ஆரவாரம் என்று நகைத்தோரும் உண்டு. நகைத்தவர் மொழி எதுவாயினும், அஃது எவராலும் நெருக்கப்படாத மொழியாக இருந்திருக்கும்! நிறுவனம் பெயரை மாற்றவில்லை.

2023 சூலையில் துணைக்கருவியின் புதுவடிவம் வந்தது. அதில் பிக்காச்சு தாலாட்டும், காலையில் எழுப்பும். கருவிக்கு வாயும் வந்துவிட்டது! அதே ஆண்டு செப்தம்பரில் அவ்விளையாட்டு இந்தியில் வெளிவந்தது. 800-க்கும் மேற்பட்ட உயிரிகளுக்கு இந்தியில் பெயர் தரப்பட்டது. இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள. அன்று செயலியில் இடம்பெற்றது இந்தி ஒன்றே. இந்தியச் சந்தை என்றால் இந்தி என்று கணக்கிட்டவனைக் கடிவது எளிது. ஆங்காங்கிலேனும் சிலர் தெருவில் இறங்கினர். சென்னையிலும் கோவையிலும் அவ்விளையாட்டை ஆடிய இளைஞர்கள் தமிழ் எங்கே என்று கேட்டு எத்தனை மடல் விடுத்தனர்?

இவ்வேலைக்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு தெருவில் பத்துக் குழந்தைகளை அமர்த்தி, அத்தீப்பல்லியின் படத்தைக் காட்டி, இதற்கு நீயே ஒரு பெயரிடு என்று கேட்டால் போதும். பல்லி என்பான் ஒருவன். அரணை என்பாள் ஒருத்தி. ஓணான் என்று ஒருவனும், உடும்புக்குட்டி என்று இன்னொருத்தியும் வாதிடுவர். அவற்றோடு தீ, தழல், கனல், திரி எல்லாம் சேரும். இவற்றுள் குழந்தையின் வாயில் எது ஒட்டுகிறது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது ஆகும்.