வலிக்கு மருந்து ஆஸ்பத்திரியில், வேலைக்குக் காவல் சட்டத்தில்

(களியக்காவிளையில் தம்பதியர் கூட்டத்தில் பேசிய பேச்சு)

குடும்ப நலம் என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் அந்த வீடு எப்படி நிமிரும் என்பதும் குடும்ப நலம்தான்.

நம்ம பக்கம் தென்னையும் பனையும் ஏறுகிறவர்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் நிறைய. விழுந்தோ மோதியோ முதுகுத்தண்டு அடிபட்டால் கால் விளங்காமல் போகலாம். தசை இழுத்துப் பிடிக்கும். ராத்திரி தூக்கம் இராது. அப்போது யாராவது வந்து, "வெளிநாட்டில் இதற்குக் கஞ்சாதான் மருந்தாம், கொஞ்சம் வாங்கிக் கொடுங்க" என்பார்கள். புருஷன் வலியில் துடிப்பதைப் பார்க்கும் மனைவிக்கு மனசு தடுமாறும்.

அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த ஒரு மருந்துக்கு, ஒரு வகை நரம்பு நோயில் வரும் தசை இறுக்கத்துக்காக 2010-இல் இங்கிலாந்து அனுமதி கொடுத்தது. சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு இன்னொரு மருந்தை 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டும் அளவு நிர்ணயித்து, டாக்டர் எழுதித் தரும் மருந்துகள். பொட்டலத்தில் வருவதன் வீரியம் என்ன, கலப்படம் என்ன என்று விற்கிறவனுக்கே தெரியாது. அதை நம்பி வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நோய்க்காக வாங்கினேன்" என்றால் குற்றம் நீங்காது. நாமோ மாநில எல்லையில் இருக்கிறோம். வாங்கப் போன மனைவி பிடிபட்டால், படுக்கையில் கிடப்பவருக்குக் கஞ்சி கொடுப்பது யார்?

வேலை விஷயத்தையும் கேளுங்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பிராண்டன் கோட்ஸ் என்பவர் கை கால் முடங்கியவர். தசை இழுப்புக்காக, மாநிலச் சட்டப்படி அனுமதி பெற்றே கஞ்சா உபயோகித்தார். வேலை செய்த கம்பெனி 2010-இல் அவரை நீக்கியது. நீக்கியது செல்லும் என்று 2015-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதி இருந்த ஊரிலேயே இந்தக் கதி.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசின் காவல் படையில் இருந்த குணால் சிங்குக்குப் பணியில் அடிபட்டு ஒரு கால் எடுக்கப்பட்டது. அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 2003-இல் நமது உச்ச நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. இன்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையே சொல்கிறது: அரசு வேலையில் இருப்பவருக்கு இடையில் ஊனம் வந்தால் நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் செய்யக்கூடிய வேறு வேலை கொடுக்க வேண்டும். ஆகவே சட்டம் தரும் வேலையைக் கஞ்சா வழக்கில் பறிகொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை:

1. குழித்துறை அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போங்கள். தசை இறுக்கத்துக்கு மாத்திரையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. தாங்க முடியாத வலிக்கு மார்ஃபின் கூட டாக்டர் மேற்பார்வையில் கிடைக்கும்.

2. ஊனச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வாங்குங்கள். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடலாம்.

3. தனியார் வேலையில் விபத்து நடந்தால் ஈ.எஸ்.ஐ. மூலமோ, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படியோ கேளுங்கள். நஷ்டஈட்டு மனுவைத் தாமதிக்காமல் போட வேண்டும். மரம் ஏறுகிறவர்கள் நல வாரியத்தில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

4. ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்தவர் இருந்தால் மறைக்காதீர்கள். தானாகச் சிகிச்சைக்கு வந்து முழுதாக முடிப்பவருக்கு, உபயோகித்த குற்றத்திலிருந்து அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது.

கணவனும் மனைவியும் இன்றைக்கு வீட்டுக்குப் போய் இதைக் கலந்து பேசுங்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்க வேண்டும். சரியான வாசலைத் தட்டித் தாங்க வேண்டும்.