செம்பின்மேல் விழுந்த மறுபொறி
(மன்றப் பொழிவு)

  

பழங்காசுத் தொகுப்புகளில் சில செப்புக்காசுகளைக் கண்டிருப்பீர்கள். ஒருகால் அடித்து வழங்கிய காசின்மேல் பின்னொருகால் வேறொரு சிறு பொறி குத்தப்பட்டிருக்கும். அதனை மறுபொறி என்போம். முன்னரே அரசின் பொறி தாங்கிய காசிற்கு மற்றுமொரு பொறி எற்றுக்கு? மால்தாத் தீவின் வரலாறு ஒரு விடை தருகின்றது. இசுப்பெயின் நாட்டு வரலாறு மற்றொரு விடை தருகின்றது.

1565-ஆம் ஆண்டு துருக்கியர் மால்தாவை முற்றுகையிட்டனர். அம் முற்றுகையும், அடுத்த ஆண்டு தொடங்கிய தலைநகர்க் கட்டுமானமும் கருவூலத்தை வறிதாக்கின. தீவை ஆண்ட தூய யோவான் அணியினர் செம்பிற் காசடித்து வழங்கினர். செம்பின் விலை சிறிது. காசின் முகமதிப்போ பெரிது. ஆதலின், பற்றிய இரு கைகளை அதிற் பொறித்து, 'செம்பன்று; நம்பிக்கையே' என்று பொருள்பட இலத்தீனில் எழுதினர். மலிந்த செம்பு மிகுந்த மதிப்புப் பெறுவதைக் கண்டு, கள்ளக்காசு அடிப்போர் கிளம்பினர். அதனால், பின்வந்த ஆட்சியர் நற்காசுகளைத் தேர்ந்து மறுபொறி இட்டனர். 'இஃது எம் காசு. இதற்கு யாமே பொறுப்பு' என்பதே அப்பொறியின் பொருள்.

இனி இசுப்பெயினுக்கு வருவோம். 1602-இல் மூன்றாம் பிலிப்பு மன்னன், வெள்ளி சிறிதும் கலவாத, எடை குறைந்த செப்புக்காசை வெளியிட்டான். மறு ஆண்டே, பழைய காசுகளை அக்கசாலைக்குக் கொணர்க என ஆணை பிறந்தது. மரவேதி என்பது அந்நாட்டுக் காசின் அலகு. 2 மரவேதிக் காசின்மேல் 4 என்றும், 4 மரவேதிக் காசின்மேல் 8 என்றும் உரோம எண்கள் குத்தப்பட்டன. செம்பு குன்றிமணி எடையும் கூடவில்லை. எண் மட்டும் இரட்டித்தது.

இதன் கரவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2 மரவேதிக் காசு நூறு கொண்டுசென்ற உழவன், 4 எனப் பொறித்த ஐம்பது காசுகளைப் பெற்றுத் திரும்பினான். கொடுத்ததும் 200, பெற்றதும் 200. கணக்கில் பிழையில்லை. ஆனால், எஞ்சிய ஐம்பது காசுகள் அரசன் கருவூலம் புகுந்தன!

விளைவு என்ன? வெள்ளிக்காசு சந்தையினின்று மறைந்தது. வெள்ளி வேண்டுவோர் செம்பை மிகுதியாகக் கொடுக்க நேர்ந்தது. அயலார் கள்ளச் செம்பைக் கடல்வழிக் கொணர்ந்து குவித்தனர். 1628-இல் செப்புக்காசின் மதிப்பு ஒரே ஆணையாற் பாதியாக்கப்பட்டது; கையிற் செம்பு வைத்திருந்தவர் உடைமையிற் பாதி ஒரு நாளிற் போயிற்று. 1636-இல் மறுபொறி மீண்டும் வந்தது, இம்முறை மும்மடங்கு! பொறிமேற் பொறி விழுந்து முதற்பொறி சிதைந்த காசுகள் இன்றும் அக்கதையை உரைக்கின்றன.

இதனைத் தட்டிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். உவான் தெ மரியானா என்னும் துறவி, வரலாற்றறிஞர். குடிகளின் உடைமைக்கு அரசன் உரியவன் அல்லன். அவர்தம் இசைவின்றிக் காசின் மதிப்பை மாற்றுவது, இசைவின்றி வரி தண்டுவதேயாம் என 1609-இல் நூல் வெளியிட்டார். எழுபது கடந்த அம் முதியவர்க்கு அரசு அளித்த பரிசு சிறைக்காவல்!

பெருமக்களே! சுத்தி ஒன்றே, செம்பும் ஒன்றே. மால்தாவில் அது தந்த சொல்லைக் காத்தது. இசுப்பெயினில் குடிகளின் கூலியைக் கரந்து கவர்ந்தது. இன்று நம் கையிலுள்ள பணத்தாளும் வெறுந்தாளே. அதற்கு மதிப்பளிப்பது நம்பிக்கையே. எனவே, அரசு குத்தும் எண்ணைப் படிப்பதோடு நில்லாதீர். அவ்வெண் எவர் கைப்பொருளை எவர் கைக்கு மாற்றுகின்றது என்று வினவுங்கள். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கும் வழக்குடைய நாம், அவ்வினாவை மறத்தல் ஆகாது.