யாருக்கு முதலில்?

(காலடிப்பேட்டையில் கல்வி உதவிக் குழுவினரிடம் பேசியது)

மனுக்களைப் பார்க்கும்போது 'ரொம்பக் கஷ்டம்', 'ஓரளவு படிப்பான்' என்றுதான் பேசுகிறோம். பிறகு அதையே மார்க்காக்கிக் கூட்டிவிடுகிறோம். படிப்பில் 10, தேவையில் 3 என்றால் 13. இரண்டிலும் 6 எடுத்த பிள்ளைக்கு 12 தான். பணம் தேவை குறைந்த வீட்டுக்குப் போய்விடுகிறது!

இப்படி மங்கலான சொற்களையே கணக்காக்கியவர், பாகுவில் பிறந்த பேராசிரியர் லோட்ஃபி ஸாதே. 1970இல் அவரும் பெல்மனும் காட்டிய வழி வேறு: கூட்டாமல், ஒவ்வொருவரின் மிகக் குறைந்த மதிப்பைப் பாருங்கள். அதில் யார் மேலோ அவருக்கே முதலிடம். அப்படிப் பார்த்தால் 3ஐ 6 முந்துகிறது.

இம்முறை தலைவர் வாய் திறக்கும் முன், 'நிறைய', 'ஓரளவு', 'கொஞ்சம்' என்று தனித்தனியே எழுதுங்கள். ஒரே வீட்டுக்கு ஒருவர் 'நிறைய', இன்னொருவர் 'கொஞ்சம்' என்றால் சராசரி எடுக்க வேண்டாம். அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர் யாரென்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு மஷூராவைத் தொடங்குவோம்.